கொடுக்கு இல்லாத எறும்புகள்: வயிற்று நுனியில் வட்டமா, பிளவா?

ஏலக்காடு (வண்டன்மேடு)

வணக்கம். கம்பம்மெட்டுச் சரிவில் ஒரு ஏலத்தோட்டத்தில் எடுத்த ஐந்து மாதிரிகள் ஆல்கஹாலில் இருக்கின்றன. அ: நிழல்மரத்தடியில் பெரிய கறுப்பு. ஆ: அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு, தரையில் தனியாகத் திரிந்தது. இ: இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு. ஈ: மஞ்சள் பழுப்பு, நெட்டைக்கால், தரையில் தாறுமாறாக ஓடுவது. உ: மிளகுக்கொடியில் மிகச் சிறிய கறுப்பு, பாதம் மட்டும் வெளுப்பு.

அ, ஆ இரண்டையும் இங்கே கட்டெறும்பு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 'ஆ' கொட்டுகிறது, 'அ' கடிக்க மட்டும் செய்கிறது. கொடுக்கு இல்லாதவற்றைத் தனியாகப் பிரித்துப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? கையில் இருப்பது 10 மடங்கு கைலென்ஸும், செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸும்.

வட்டத்துளை

நிறத்தையும் அளவையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். கடித்தால் எவ்வளவு வலித்தது என்பதையும் சேர்த்து ஒதுக்குங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: இடுப்பு, வயிற்றின் மேல்பகுதி, வயிற்று நுனி. இந்த வரிசையிலேயே பாருங்கள், மாற்றாதீர்கள்.

இடுப்பில் எத்தனை கணு? மார்புக்கும் உருண்ட வயிற்றுக்கும் நடுவே, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு முடிச்சோ இரண்டு முடிச்சோ தெரியும். இரண்டு என்றால் அது பெரும்பாலும் மிர்மிசினே என்ற துணைக்குடும்பம், அல்லது மரத்தில் வாழும் ஒல்லியான ஸூடோமிர்மிசினே. நீங்கள் தேடும் கூட்டம் அதில் இல்லை, அந்தக் குப்பியை மூடி வைத்துவிடலாம். நெருப்பெறும்பு சோலெனாப்சிஸ், வீட்டுச் சிற்றெறும்புகளில் பல, மரத்தில் வயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் கிரெமடோகாஸ்டர், எல்லாம் இரண்டு கணுக்காரர்கள்.

ஒரே கணு என்றால் அடுத்தது வயிறு. முதல் தகட்டுக்கும் இரண்டாம் தகட்டுக்கும் நடுவே கயிறு கட்டி இறுக்கிய மாதிரி ஒரு சுருக்கம் இருந்தால் பொனெரினே. கொடுக்கு உள்ளவை. சுருக்கமே இல்லாமல் வழவழவென்று ஓடினால், இப்போதுதான் நுனிக்குப் போக வேண்டும்.

நுனியில் சின்ன வட்டமான துளை, அதைச் சுற்றி மயிர்வளையம் இருந்தால் ஃபார்மிசினே. அதுதான் அமிலத்துளை. வயிற்றின் கடைசி அடித்தகடு சுருண்டு குழாய்போல ஆனதில் உண்டான வாய் அது. வட்டம் இல்லை, அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு பிளவு மட்டும் தெரிகிறது என்றால் டோலிகோடெரினே. கொடுக்கு இல்லாதவை என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த இரண்டு துணைக்குடும்பங்களையும்தான்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடம்: கொடுக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே கொடுக்கே இல்லை என்று முடிவுகட்டுவது. செத்த எறும்பில் கொடுக்கு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். தெரியாதது எதற்கும் சான்று ஆகாது. வட்டமோ பிளவோ நேராகக் கண்ணில் பட்டால்தான் சான்று.

அச்சன்கோவில்_ஆறு (செங்கோட்டை)

வட்டத்துளை அண்ணாச்சி சொன்னது ஆய்வுக்கூடத்துக்குச் சரி. வயலில் நிற்கிறவருக்கு இதைவிடச் சுருக்கமான வழி உண்டு. நசுக்கி மோந்து பார்த்தால் போதும். மூக்கில் சுருக்கென்று புளிப்பாக ஏறினால் ஃபார்மிக் அமிலம், ஃபார்மிசினே. ஊசிப்போன தேங்காய் மாதிரி, கெட்ட வெண்ணெய் மாதிரி வாடை வந்தால் டோலிகோடெரினே. வீட்டுச் சமையலறையில் திரியும் டாபினோமா மெலனோகெஃபாலத்தை நசுக்கினால் தேங்காய் வாடை தப்பாது. தலை கறுப்பு, வயிறு வெளுப்பு, நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். பத்து மடங்கு லென்ஸில் அதன் பிளவைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

வட்டத்துளை

மோந்து பார்ப்பது நல்ல துணைச்சான்று, ஒத்துக்கொள்கிறேன். அதை முதல் சான்றாக வைக்க முடியாது. ஆல்கஹாலில் ஒரு வாரம் கிடந்த எறும்பில் வாடை இருக்காது. டோலிகோடெரினே எல்லாம் ஒரே வாடையும் அடிப்பதில்லை, சிலதில் மனித மூக்குக்கு ஒன்றுமே தெரியாது. வாடை வருவது நச்சுச்சுரப்பியிலிருந்து அல்ல, மலவாய்க்கு மேலே இருக்கும் வேறொரு சுரப்பியிலிருந்து. ஃபார்மிசினேயில் நச்சுச்சுரப்பியே அமிலத் தொட்டியாக மாறியிருக்கிறது. அந்த நீரில் 60 விழுக்காடு வரை ஃபார்மிக் அமிலம் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் டூஃபூர் சுரப்பியின் எண்ணெய்ப்பசை சேரும்போது அமிலம் எதிரியின் மெழுகுத்தோலில் உருண்டு விழாமல் பரவி ஒட்டிக்கொள்ளும்.

வலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழில் தேள் கொட்டும், குளவி கொட்டும், எறும்பு மட்டும் எப்போதும் 'கடிக்கும்'. கொடுக்கால் குத்தினாலும் கடித்தது என்றே சொல்வோம். அதனால் "கடித்தது" என்ற தகவலை வைத்து எதையும் பிரிக்க முடியாது. இலை தைக்கும் சிவப்பு எறும்பு தாடையால் தோலைக் கிழித்து, வயிற்றை முன்னால் வளைத்து, அந்தக் கீறலிலேயே அமிலத்தை விடும். எரிச்சல் கொட்டியதற்குக் குறையாது. ஆனால் அதற்குக் கொடுக்கு கிடையாது.

இன்னொன்று. இறக்கை உள்ள ஆண் எறும்பை எடுத்து இந்த வழியில் போகாதீர்கள். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறியது. ஆகவே எந்தத் துணைக்குடும்பத்து ஆணுக்கும் கொடுக்கு இருக்காது. மேலே சொன்னதெல்லாம் வேலைக்கார எறும்புக்கு மட்டும். (ஈசலை எறும்பு என்று குப்பியில் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அது கறையான்.)

மேட்டுப்பாதை (குமுளி)

வகைப்பாட்டை நான் எழுதுகிறேன். இங்கே ஒரு கருத்துப்பிழை அடிக்கடி வருகிறது. கொடுக்கு இல்லாத எறும்புகள் எல்லாம் ஒரே கிளையிலிருந்து வந்தவை என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. டோலிகோடெரினேக்கு மிக நெருங்கிய உறவு இலங்கையின் ஈரக்காடுகளில் வாழும் ஆனியூரெடஸ் சைமோனி. எமெரி 1893-இல் பெயரிட்டது. ஆனியூரெடினே என்ற துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். அதற்கு நல்ல கொடுக்கு இருக்கிறது. ஃபார்மிசினேயின் நெருங்கிய உறவுகளோ மிர்மிசினே பக்கத்தில் இருக்கின்றன, அங்கேயும் கொடுக்கு உண்டு. ஆக, இரண்டு கிளைகளும் தனித்தனியாகவே கொடுக்கை இழந்திருக்கின்றன. ஒன்று அமிலம் பீய்ச்சப் பழகியது, மற்றது ஒட்டும் தன்மையும் வாடையும் உள்ள சுரப்பை நம்பியது. வட்டம், பிளவு என்ற வேறுபாட்டுக்குக் காரணமே இதுதான். இந்தக் காரணம் தெரிந்திருந்தால் அடையாளத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பழைய நூல்களைப் பார்ப்பவர்களுக்கு: பிங்ஹாம் 1903-இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியில் ஃபார்மிசினே என்று தேடினால் கிடைக்காது. அங்கே கேம்போனோடினே என்றிருக்கும். மாதிரி 'ஈ' உங்கள் விவரிப்பின்படி மஞ்சள் கிறுக்கெறும்பு மாதிரி இருக்கிறது. ஜெர்டன் 1851-இல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது இதற்கு லாங்கிபெஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை லத்ரே 1802-இலேயே வேறொரு எறும்புக்கு வைத்துவிட்டதால் அது செல்லாது. அதனால்தான் ஸ்மித் 1857-இல் வைத்த கிராசிலிபெஸ் இன்று நிலைக்கிறது: அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். பழைய வேளாண் கையேடுகளில் லாங்கிபெஸ் என்று பார்த்தால் வேறு எறும்பு என்று குழம்ப வேண்டாம்.

ஃபார்மிசினேயில் உலகெங்கும் 3,000-க்கு மேல் சிற்றினங்கள். 2016-இல் மரபணுத் தரவை வைத்து வார்டும் கூட்டாளிகளும் அதை 11 குலங்களாக (துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவே உள்ள பிரிவு) திருத்தி அடுக்கினார்கள். நம் மலைக்கு வேண்டியவை சில மட்டும். கேம்போனோட்டினியில் கேம்போனோட்டஸும் முள்ளெறும்பு பாலிராக்கிஸும். ஈகோஃபில்லினியில் இலை தைப்பது மட்டும். பிளாஜியோலெபிடினியில் அனோப்லோலெபிஸ், லெபிசியோட்டா, பிளாஜியோலெபிஸ், வேரடியில் மாவுப்பூச்சி வளர்க்கும் ஆக்ரோபைகா. லாசியினியில் பாராட்ரெக்கினா, நைலாண்டேரியா. இந்தக் கடைசி இரண்டும் 2016-க்கு முன்னால் பிளாஜியோலெபிடினியில் இருந்தவை, பழைய திறவுகோலில் (அடையாளம் காண உதவும் படிவரிசைப் பட்டியல்) அங்கேதான் தேட வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையின் சருகுக்கடியில் கிடைக்கும் மிர்மோடெராஸுக்குத் தனிக் குலமே உண்டு. நீண்ட ஊசித்தாடையை 280 பாகை வரை விரித்து வைத்திருக்கும். தாடையை மட்டும் பார்த்து அதை ஓடோன்டோமாகஸ் என்று எழுதிவிடாதீர்கள். ஓடோன்டோமாகஸ் பொனெரினே, தாடை 180 பாகைதான் விரியும், கொட்டும்.

ஏலக்காடு (வண்டன்மேடு)

ரொம்ப நன்றிங்க. இடுப்பு ஐந்துக்கும் ஒரே கணுதான். 'அ'வில் வட்டம் தெரிகிறது, மயிர் இருக்கிறது. 'இ'யில் நுனி கீழே மடங்கிப் போயிருக்கிறது. 'ஆ'வில் தான் குழப்பம். வயிற்றில் சுருக்கம் மிக லேசு, இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இடுப்புக்கணுவின் மேலே பின்பக்கம் இரண்டு முள். முள் இருப்பதால் பாலிராக்கிஸ் என்று எழுதலாமா?

வட்டத்துளை

எழுதாதீர்கள். இந்த ஜோடியில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். பாலிராக்கிஸுக்கும் கணுவில் முள் உண்டு, டயகம்மாவுக்கும் உண்டு. டயகம்மா பொனெரினேதான் என்றாலும் அதன் வயிற்றுச் சுருக்கம் மற்ற பொனெரினே மாதிரி ஆழமாக இருக்காது. அதனால் இந்த இரண்டுக்கும் சுருக்கத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

விளக்கைச் சாய்வாகப் பிடித்து உடம்பின் மேல்தோலைப் பாருங்கள். டயகம்மாவில் தலையிலும் மார்பிலும் கைரேகை மாதிரி இணைகோடுகள் வரிவரியாக வளைந்து ஓடும். பத்து மடங்கு லென்ஸே போதும். பாலிராக்கிஸில் அந்தக் கைரேகை வரி இருக்காது. பெரும்பாலானவற்றில் மார்பின் முன்னோ பின்னோ கூடுதல் முட்கள் இருக்கும், பலதில் பொன்னிறமாகவோ வெள்ளியாகவோ மென்மயிர் படர்ந்திருக்கும். நுனியில் அமிலத்துளை உண்டு. உங்களுடையது தரையில் தனியாகத் திரிந்தது, கொட்டியது, முள் கணுவில் மட்டும். கைரேகை வரியும் இருந்தால் டயகம்மா என்று எழுதி ஒதுக்கிவிடுங்கள்.

'அ'வுக்கு இன்னும் இரண்டு சோதனை. உணர்கொம்பு முளைக்கும் குழி, முகத்தின் முன்தகட்டின் பின்விளிம்பை ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா? கேம்போனோட்டினியில் விலகியிருக்கும். அடுத்து, பின்கால் முளைக்கும் இடத்துக்கு மேலே மார்பின் பக்கத்தில் பெரும்பாலான எறும்புகளுக்கு ஒரு சுரப்பிவாய் இருக்கும், மயிர் நீட்டிய சின்னக் கீறல். கேம்போனோட்டஸில் மிகப் பெரும்பான்மைக்கு அது இல்லை. இரண்டும் பொருந்தி, மார்பின் முதுகு பக்கவாட்டில் ஒரே வளைவாக உடையாமல் ஓடினால் கேம்போனோட்டஸ். கம்ப்ரெஸஸ் என்று சிற்றினம் எழுத அவசரப்படாதீர்கள். இந்தப் பேரினத்தில் 1,000-க்கு மேல் சிற்றினங்கள். ஒரே கூட்டில் பெருந்தலைக்காரியும் சிறுதலைக்காரியும் கிடைத்தால்தான் பேச முடியும்.

நுனி மடங்கிய 'இ'யை வெந்நீரில் போடாதீர்கள், மயிர் ஒட்டிப்போகும். ஆல்கஹாலிலேயே வைத்து, இரண்டு பூச்சி ஊசியால் கடைசி மேல்தகட்டை மெல்லத் தூக்குங்கள். சிலதில் அந்தத் தகடு துளைக்கு மேல் கவிந்து மறைத்திருக்கும். காய்ந்த மாதிரி என்றால் மூடிய டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் காகிதம், காகிதத்தில் எறும்பு, பூஞ்சை பிடிக்காமல் ஸ்பாஞ்சில் இரண்டு சொட்டு டெட்டால். 24 மணி நேரத்தில் இளகும். இளகாமல் வளைத்தால் முதலில் உடைவது உணர்கொம்பு.

அச்சன்கோவில்_ஆறு (செங்கோட்டை)

'இ'க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஈகோஃபில்லா ஸ்மராக்டினாவை இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். கணு செதில் மாதிரி நிமிராமல் நீளமாகத் தாழ்ந்த குழாயாக இருக்கும். வயிற்றை மார்புக்கு மேல் மடக்கித் தூக்க முடிவது அதனால்தான். பெரிய வேலைக்காரி 8 முதல் 10 மில்லிமீட்டர், தாடையில் பத்துக்கு மேல் பல். தமிழில் முசுறு. மலை தாண்டினால் நீறு, மிசிறு, புளியுறும்பு. புளியுறும்பு என்ற பெயரிலேயே அமிலம் இருக்கிறது. மலையாளத்துக்காரர்கள் துணைக்குடும்பத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாறாக, 'பிள்ளையார் எறும்பு' என்ற பெயரைச் சீட்டில் எழுதாதீர்கள். கடிக்காத சிறு கறுப்பு எதுவும் அந்தப் பெயரில் வரும். பாராட்ரெக்கினா, லெபிசியோட்டா, டெக்னோமைர்மெக்ஸ் மூன்றும் ஒரே பெயரில் ஒரே வரிசையில் போகும்.

மேட்டுப்பாதை (குமுளி)

அச்சன்கோவில் அண்ணாச்சி சொன்ன அந்தச் சிறு கறுப்புகளுக்கு உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவதுதான் வழி. பாராட்ரெக்கினாவுக்கும் நைலாண்டேரியாவுக்கும் 12. லெபிசியோட்டா, பிளாஜியோலெபிஸ், அனோப்லோலெபிஸ் மூன்றுக்கும் 11. எண்ணும்போது முதல் நீண்ட தண்டு ஒன்று. அதன் அடியில் முகக்குழிக்குள் இருக்கும் சின்னக் குமிழைத் தனிக் கணுவாக எண்ணினால் 11 பன்னிரண்டாகிவிடும். தவறுகளில் பாதி இங்கேதான். இரண்டு கொம்பையும் எண்ணுங்கள், வெவ்வேறு தொகை வந்தால் நுனி உடைந்திருக்கிறது என்று பொருள்.

11 வந்து, இடுப்புக்கணுவின் உச்சியில் இரண்டு பல்லோ முள்ளோ இருந்தால் லெபிசியோட்டா. 11 வந்து, முதல் தண்டு தலை நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்து, கண் புடைத்து, உடம்பு 4 முதல் 5 மில்லிமீட்டர் என்றால் உங்கள் 'ஈ', அதாவது அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். 12 வந்து அதே மாதிரி மிக நீண்ட தண்டு, கறுப்பு உடம்பில் வெளுத்த முரட்டு மயிர் குத்திட்டு நின்றால் பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ். இரண்டையும் கிறுக்கெறும்பு என்று சொல்வதால் இந்த எண்ணிக்கை முக்கியம்.

'ஈ' உறுதியானால் அதை லேசாக எடுக்காதீர்கள். 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையைச் சுற்றிய ஊர்களில் ஆடுமாடுகளின் கண்ணைத் தாக்கியதாகச் செய்தி வந்தது இந்த எறும்பைப் பற்றித்தான். இது கடிக்காமலே அமிலம் பீய்ச்சும். கண்ணில் பட்டால் ஓடும் நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வட்டத்துளை

சேகரிப்பு பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. வாயால் உறிஞ்சும் குழாயை ஃபார்மிசினேக்குப் பயன்படுத்தவே கூடாது. முசுறு ஐம்பது உள்ளே போனால் குப்பிக்குள் அமில ஆவி நிறையும், அடுத்த உறிஞ்சலில் அது நெஞ்சுக்குள் போகும். வலை வைத்துக் கட்டினாலும் ஆவியைத் தடுக்காது. ஆல்கஹாலில் நனைத்த ஓவியத் தூரிகையால் தொட்டு எடுங்கள், ஒட்டிக்கொண்டு வரும். உயிரோடு மூடிய குப்பியில் அடைத்தால் தங்கள் அமிலத்திலேயே செத்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சுருண்டு கிடக்கும்.

உடலமைப்பு பார்க்க 70 விழுக்காடு ஆல்கஹால், மரபணு பார்க்க 95. கையில் 95 மட்டும் இருந்தால் அதில் 70 மில்லி எடுத்து, மொத்தம் 95 மில்லி வரும்வரை காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் 70 விழுக்காடு கிடைக்கும். 95-இல் நீண்டநாள் கிடந்தால் உடம்பு விறைத்து மூட்டு உடையும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து காகிதம் வெள்ளையாகிவிடும். ஒரு குப்பியில் ஒரு கூடு அல்லது ஒரே வரிசை. பத்து எறும்பாவது வேண்டும். ஊசியில் ஏற்றுவதானால் முக்கோணக் காகிதத்தின் நுனியை நடுக்கால், பின்கால் அடிக்கு நடுவே ஒட்டுங்கள். வயிற்றில் பசை பட்டால் நாம் இவ்வளவு நேரம் பேசிய அந்த நுனி மூடிப்போகும்.

ஏலக்காடு (வண்டன்மேடு)

'ஆ'வில் கைரேகை வரி தெளிவாக இருக்கிறது, டயகம்மா. 'ஈ'க்கு இரண்டு கொம்பிலும் 11. 'உ'வைத் தெரிந்தவர் ஒருவரின் நுண்ணோக்கியில் 40 மடங்கில் பார்த்தாச்சு: வட்டம் இல்லை, அடியில் பிளவு. கொம்புக்கணு 12. இடுப்புக்கணு படுத்துக் கிடக்கிறது, வயிறு அதன்மேல் கவிந்து மறைக்கிறது. அப்போது இது டாபினோமாவா?

மேட்டுப்பாதை (குமுளி)

டோலிகோடெரினே என்பது உறுதி. படுத்த கணு டாபினோமாவுக்கும் உண்டு, டெக்னோமைர்மெக்ஸுக்கும் உண்டு. வயிற்றை நேர் மேலிருந்து பார்த்துத் தகடுகளை எண்ணுங்கள். நான்கு தெரிந்தால் டாபினோமா, ஐந்தாவது கீழே மடங்கியிருக்கும். ஐந்தும் மேலேயே தெரிந்தால் டெக்னோமைர்மெக்ஸ். வெளுத்த பாதம் இரண்டாவதைத்தான் சொல்கிறது, ஆனால் எண்ணாமல் எழுத வேண்டாம். வயிறு ஆல்கஹாலில் ஊதியிருந்தால் தகடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சவ்வைத் தகடாக எண்ணிவிடுவோம். மயிர் முளைத்திருப்பது மட்டும்தான் தகடு.

ஏலக்காடு (வண்டன்மேடு)

ஐந்து. மூன்று எறும்பில் பார்த்தாகிவிட்டது. டெக்னோமைர்மெக்ஸ் ஆல்பிபெஸ் என்று எழுதட்டுமா? இன்னொரு கேள்வி: கொடியில் மாவுப்பூச்சி இருக்கிறது, இதற்குச் சர்க்கரைப் பொறி வைக்கலாமா?

மேட்டுப்பாதை (குமுளி)

பேரினத்தோடு நிறுத்துங்கள். போல்டன் 2007-இல் இந்தப் பேரினத்தைத் திருத்தி எழுதிய பிறகு, முன்பு ஆல்பிபெஸ் என்று எழுதப்பட்டதில் நிறைய வேறு சிற்றினங்கள் என்று தெரிந்தது. வெள்ளைப்பாதம் ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல.

பொறியைப் பற்றி: வீட்டு டாபினோமாவுக்கு 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம் வேலை செய்யும். போரிக்கைக் கூட்டினால் தின்னது வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போய்ச் சேராது. மருந்து தெளித்தால் கூடு உடைந்து நான்காகப் பிரியும். டெக்னோமைர்மெக்ஸ் வேறு கதை. அது வாய்க்கு வாய் உணவு ஊட்டுவதில்லை, குஞ்சுக்கு உணவு, தின்னக் கொடுப்பதற்கென்றே இடும் முட்டையாகப் போகிறது. அதனால் பொறி தின்ற எறும்பு மட்டும் சாகும், கூடு அப்படியே இருக்கும். உங்கள் கொடிக்கு மாவுப்பூச்சியைக் குறைப்பதுதான் வழி. கொடியைத் தொடும் பக்கத்து மரக்கிளையை நறுக்கினால் எறும்பு ஏறும் பாலமும் அறுபடும்.

அச்சன்கோவில்_ஆறு (செங்கோட்டை)

முசுறுக் கூட்டையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள் தம்பி. முந்திரியில் தேயிலைக் கொசுவை (பெயர்தான் கொசு, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி) அடக்குவதில் அதற்கு ஈடில்லை. மாவுப்பூச்சியை அது காக்கும் என்பதும் உண்மை. அதனால் கொடியில் இருந்தால் இறக்குங்கள், முந்திரியில் இருந்தால் விடுங்கள். 'அ'வின் சீட்டில் 'கட்டெறும்பு' என்ற ஊர்ப்பெயரையும் எழுதி, பக்கத்தில் 'வட்டத்துளை பார்க்கப்பட்டது' என்று சேர்த்துவிடுங்கள். 'ஆ'விலும் அதே ஊர்ப்பெயர், 'கைரேகை வரி, கொட்டும்' என்று. பின்னால் குப்பியை எடுப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.